ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால்...

காய் ஆய்ந்து, களத்தில் உலர்த்தி, சாக்கில் பிடித்து, வண்டி வாடகையும் கொடுத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலாவை இறக்கிய விவசாயிக்குச் செல்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அவருடைய சரக்குக்குக் குவிண்டாலுக்கு 7,400 ரூபாய் விழுந்திருக்கிறது. பக்கத்துக் குவியலைவிட இது 150 ரூபாய் அதிகம். மனநிறைவோடு ஊர் திரும்புகிறார். மறுநாள் வங்கிக் கணக்கில் பணம் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. நான்காம் நாள் நேரில் போய் விசாரித்தால், "ஏலம் எடுத்தவர் இன்னும் எடைக்கே வரவில்லை" என்று பதில் கிடைக்கிறது. அதற்குள் விலை இறங்கிவிட்டது.

ஏலம் நடக்கும் இடமெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய காலத்திலும் இருந்தது. சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடும் மறைமுக ஏலத்திலும் இருந்தது. ஆனால் அன்று ஏலம் கேட்டவர் எதிரே நின்றார். எந்த ஊர், எந்தக் கடை, யாருடைய மகன் என்பது சந்தைக்கே தெரியும். இன்று கணினி வழியே நடக்கும் ஏலத்தில் விலை கேட்பவர் வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில்கூட இருக்கலாம். மின்னணு தேசிய வேளாண் சந்தை, அதாவது இ-நாம், 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. 2020 மே மாதத்திற்குள் நாடெங்கும் 1,000 சந்தைகள் அதில் இணைந்துவிட்டன. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் மணிலா, தேங்காய்ப் பருப்பு, பருத்தி, மஞ்சள், நெல் எனப் பல விளைபொருள்கள் இம்முறையில் விற்கப்படுகின்றன. பல ஊர் வியாபாரிகள் போட்டியிடுவதால் விலை கூடுகிறது என்பது உண்மையே. முகம் தெரியாதவரிடம் இருந்து பணத்தை வாங்கும் வழியையும் விவசாயி அறிந்திருந்தால்தான் அந்தக் கூடுதல் விலை கைக்கு வரும்.

ஏன் கட்டாமல் போகிறார்கள்?

பணம் கட்டாதவர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. காரணத்துக்கு ஏற்பத்தான் விவசாயி நடந்துகொள்ள வேண்டும்.

முதலீடு குறைந்த வியாபாரிகள் பலர், தாங்கள் சரக்கு அனுப்பிய எண்ணெய் ஆலையிலிருந்து பணம் வந்தால்தான் விவசாயிக்குக் கொடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கிறார்கள். ஆலை ஒரு வாரம் தாமதித்தால் இவரும் தாமதிப்பார். இவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் பணம் வந்து சேரும். வேறு சிலர் விலையைத் தட்டும்போது தவறுகிறார்கள். 6,850 என்று போட வேண்டிய இடத்தில் 7,850 என்று விழுந்துவிடும். மற்றவர்கள் கேட்ட விலைகளை விட்டு ஒரு விலை மட்டும் வெகு உயரத்தில் நின்றால், அது அதிர்ஷ்டமா கைத்தவறா என்று அப்போதே கண்காணிப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. நான்கு நாள் கழித்து வரும் ஏமாற்றத்தைவிட அன்றைக்கே நடக்கும் மறு ஏலம் மேல்.

ஏலம் முடிந்தபின் விலை இறங்கியதும் ஒதுங்கிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. ஏறினால் எடுப்பார்கள், இறங்கினால் கைவிடுவார்கள். ஏலம் எடுத்த பொருளுக்குப் பணமே கட்டாமல் நாலைந்து நாள் விலையை வேடிக்கை பார்ப்பது இவர்கள் வழக்கம். விலை ஏற்ற இறக்கத்தின் சுமை முழுவதும் இதனால் விவசாயி தலையில் விழுகிறது.

எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பதும், யாரும் புகார் கொடுக்காமல் விட்டுவிடுவதும் நான்காவது வகை. உயர்ந்த விலை கேட்டு ஏலத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எடை போடும் நேரத்தில் வந்து, "ஈரம் அதிகம், சொத்தை அதிகம், 250 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்" என்கிறார்கள். சுமைக் கூலி கொடுத்து இறக்கிய சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக மனமில்லாமல் விவசாயி ஒப்புக்கொள்கிறார். கணக்குப் பார்த்தால் நடந்தது புரியும். முதல் விலை 7,400, இரண்டாவது விலை 7,250. பேசிக் குறைத்தபின் கிடைத்தது 7,150. நாணயமாக 7,250 கேட்டவர் தோற்றார், 7,150 கொடுத்தவர் ஜெயித்தார். பேசிய விலையில் ஒரு பகுதியைக் கட்டாமல் விடுவதும் பணம் கட்டாததுதான். மென்மையாகப் பேசிச் செய்வதால் அது வேறாகிவிடாது.

வாயிலிலேயே கவனம்

சரக்கு உள்ளே நுழையும்போது பதியும் விவரங்களில்தான் பின்னால் வரும் சிக்கல்கள் பல தொடங்குகின்றன. வாயிலில் விவசாயியின் பெயர், செல்பேசி எண், வங்கிக் கணக்கு, விளைபொருள், மூட்டை எண்ணிக்கை ஆகியவை பதிவாகி, குவியலுக்கு ஒரு லாட் எண் கொடுக்கப்படுகிறது. அந்தச் செல்பேசி எண் விவசாயியின் சொந்த எண்ணாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டி வந்தவரின் எண்ணையோ ஊரில் சரக்குச் சேர்க்கும் தரகரின் எண்ணையோ கொடுத்தவர்கள், தங்கள் சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதையே இரண்டு நாள் கழித்துத்தான் அறிகிறார்கள். கேட்கப்பட்ட விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. குறுஞ்செய்தி அடுத்தவர் செல்பேசிக்குப் போனால், அந்த உரிமையை அடுத்தவர் பயன்படுத்துவார்.

வங்கி விவரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல இணைக்கப்பட்டன. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. இதனால் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. பழைய பாஸ் புத்தகத்தைக் காட்டிப் பதிந்தவர்களுக்குப் பணம் போய்ச் சேராமல் திரும்பிவிடுவதுண்டு. வியாபாரி கட்டிவிட்டார், பணம் வரவில்லை என்ற நிலையில் இரு பக்கமும் வீண் சண்டை வரும். கிளைக்குச் சென்று புதிய பாஸ் புத்தகம் வாங்கி, பதிவைத் திருத்திக்கொள்வது அரை நாள் வேலை.

பகுப்பாய்வுச் சீட்டு

ஏலத்துக்கு முன் குவியலிலிருந்து மாதிரி எடுத்து ஈரப்பதம், கல் மண் கலப்பு, சொத்தை, உடைசல் ஆகியவற்றைப் பார்த்து எழுதுகிறார்கள். தொலைவில் உள்ள வியாபாரி பார்ப்பது இந்த எண்களைத்தான். அவசரத்தில் பல விவசாயிகள், "அதெல்லாம் வேண்டாம், சீக்கிரம் ஏலத்துக்கு விடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். விலையைக் குறைக்க வருபவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

ஈரம் 8 சதவீதம் என்று சீட்டில் எழுதியிருக்கையில், அதைப் பார்த்து விலை கேட்டவர் எடையின்போது "ஈரம் அதிகம்" என்று சொல்ல முடியாது. சொன்னால், மீண்டும் ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்க்கும்படி கண்காணிப்பாளரைக் கேட்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது விவசாயி பக்கத்தில் நிற்பதும், மேல் மூட்டையில் மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் எடுக்கச் சொல்வதும் அவசியம். மேலே நல்ல காயும் உள்ளே ஈரக் காயும் வைத்துக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட சரக்கை எடுக்க மறுக்கும் வியாபாரியைக் குறை சொல்ல இடமில்லை. தேங்காய்ப் பருப்பில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அரசுக் கொள்முதலின் அளவு. வெளி வியாபாரிகளும் ஏறத்தாழ அதையே மனத்தில் வைத்துத்தான் விலை கேட்கிறார்கள்.

சரக்கு கூடத்தில் இருக்கும் வரை

விற்றவருக்குப் பணம் வரும்வரை பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கூறுகிறது. ஏலம் முடிந்து பொருள் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டாலும் இந்த உரிமை போவதில்லை. சட்டத்தின் 47-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பொருளைத் தவணைக்கு விற்றிருந்தால், அந்தத் தவணை முடியும்வரை நிறுத்தி வைக்க முடியாது. "எட்டு நாளில் தருகிறேன், இப்போது எடுத்துப் போகிறேன்" என்று வியாபாரி கேட்க, விவசாயி தலையாட்டிவிட்டால் அதுவே தவணையாகிவிடும்.

49-ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது. வாங்கியவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கை லாரிக்காரரிடம் நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒப்படைத்துவிட்டால் நிறுத்தி வைக்கும் உரிமை அத்தோடு முடிந்தது. வழியில் லாரியை நிறுத்தும் உரிமை, வாங்கியவர் கடனைத் தீர்க்க இயலாத நிலைக்கு வந்துவிட்டால் மட்டுமே உண்டு. சாதாரண இழுத்தடிப்புக்கு அது உதவாது. ஆகவே சரக்கு கூடத்தின் வாயிலைத் தாண்டும் வரைதான் விவசாயி கை மேலே இருக்கிறது. தாண்டியபின் அவர் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மற்றவர்களில் ஒருவர்.

இ-நாம் முறையிலும் வரிசை இதுதான். ஏலம், எடை, விற்பனைச் சீட்டு, பணம், அதன்பின் வெளியேறும் சீட்டு. வியாபாரி இணையத்தின் வழியாகவே பணம் கட்டலாம், அது நேராக விவசாயியின் கணக்குக்குச் செல்லும். ஆனால் வேண்டிய வியாபாரி, பழகிய முகம், கிடங்கில் இடமில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தால் சில இடங்களில் சரக்கு முன்னால் போய்ப் பணம் பின்னால் வருகிறது. "என் லாட்டுக்குப் பணம் ஏறிய பிறகே வெளியேறும் சீட்டுப் போடுங்கள்" என்று விவசாயி கேட்பதில் தவறில்லை. கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களே அதிகம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கூச்சம் இராது.

குன்னூரில் நடக்கும் தேயிலை ஏலத்தைப் பார்த்தால் இது நடவாத காரியம் அல்ல என்பது விளங்கும். அங்கும் இப்போது கணினி வழியேதான் ஏலம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டுவதற்கு ஒரு கெடு நாள் உண்டு, அதைப் பிராம்ட் தேதி என்பார்கள். தேயிலை கிடங்கிலேயே இருக்கும். பணம் கட்டியவருக்குத்தான் சரக்கை எடுக்கும் உத்தரவு கிடைக்கும். பெரிய பெரிய கம்பெனிகளே இந்த விதிக்கு உட்பட்டு வாங்குகையில், பதினைந்து குவிண்டால் மணிலாவுக்கு மட்டும் நம்பிக்கை வியாபாரம் எதற்கு?

மறு ஏலத்துக்கு விடுவது எப்படி?

கெடு தாண்டியும் வியாபாரி வரவில்லை, சரக்கு கூடத்தில் இருக்கிறது. இப்போது காத்திருக்கத் தேவையில்லை. சட்டத்தின் 54-ஆவது பிரிவு மறு விற்பனைக்கு இடம் தருகிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மறு விற்பனை செய்யப்போவதாக முதலில் எடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசமும் கொடுத்த பிறகு விற்றால், விலைக் குறைவால் ஏற்பட்ட நட்டத்தை அவரிடம் கேட்கலாம். அறிவிப்பே கொடுக்காமல் விற்றால் நட்டம் கேட்க முடியாது. அது மட்டுமா, மறு விற்பனையில் லாபம் கிடைத்தால் அந்த லாபத்தையும் முதலில் எடுத்தவரே கேட்கலாம்! அழுகிப்போகும் காய்கறி, பழம், பூ போன்றவற்றுக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை.

ஒரு கணக்கு. 15 குவிண்டால் மணிலா 7,400 ரூபாய் வீதம் 1,11,000 ரூபாய். எடுத்தவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறு ஏலத்தில் 6,850 வீதம் 1,02,750 கிடைக்கிறது. நட்டம் 8,250 ரூபாய். சரக்கு மேலும் உலர்ந்து குறைந்த எடை, மறுபடி தூக்கிய கூலி எல்லாம் தனி. முதல் ஏலம் நடந்த அன்றைக்கே அல்லது மறுநாளே, 7,250 கேட்ட இரண்டாவது வியாபாரியை அழைத்து மறு ஏலத்தில் கேட்கச் செய்திருந்தால், அவர் அதே விலையில் நின்றால் நட்டம் 2,250 ரூபாயோடு நின்றிருக்கும். எனவே ஏலம் முடிந்ததும் தன் விலையைக் கேட்டுக்கொள்வதோடு நில்லாமல், இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த விலைகள் என்ன என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அறிவிப்பு என்றதும் வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டியதில்லை. லாட் எண், ஏல நாள், எடை, விலை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இத்தனாம் தேதிக்குள் பணம் கட்டி எடுத்துக்கொள்ளாவிட்டால் மறு ஏலத்துக்கு விடுவேன், குறையும் தொகைக்குத் தாங்களே பொறுப்பு" என்று ஒரு தாளில் எழுதி போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். ஒரு நகலைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். 8,250 ரூபாய்க்காக வழக்குப் போடுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது நிஜம். ஆனால் அந்தக் கடிதம் கையில் இருந்தால் விற்பனைக் குழு அந்த வியாபாரியின் உரிமத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஆதாரம் இருக்கிறது. வியாபாரி பயப்படுவது வழக்குக்கு அல்ல, ஏலத்தில் உட்கார முடியாமல் போவதற்கு.

மறு ஏலம் வரை வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமே என்றால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி இருக்கிறது. சரக்கின் மதிப்பில் ஒரு பங்கைக் கடனாகத் தருகிறார்கள். அவசரத்துக்கு விலையை விட்டுக்கொடுக்கும் நிலைமை பலருக்கு இதனால் தவிரும்.

பணம் என்பது கணக்கில் ஏறியதுதான்

"கட்டிவிட்டேன், பாருங்கள்" என்று செல்பேசித் திரையில் காட்டுவதும், பணம் போனதாகக் குறுஞ்செய்திப் படம் அனுப்புவதும் இப்போது பெருகிவிட்டன. அந்தப் படம் பணமல்ல. போலியாகவும் செய்யலாம், உண்மையாகவே அனுப்பியது திரும்பியும் போகலாம். விவசாயி தன் கணக்கில் இருப்பைப் பார்த்த பிறகே சரக்கை விட வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் அனுப்புகிறவர்தான் ரகசிய எண் போடுவார், பெறுகிறவர் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

"சனி, ஞாயிறு வங்கி விடுமுறை, திங்கட்கிழமை போடுகிறேன்" என்ற சாக்கும் பழையதாகிவிட்டது. நெஃப்ட் முறை 2019 டிசம்பரில் இருந்தும், 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பரில் இருந்தும் விடுமுறை நாள்களிலும் இரவு பகல் முழுவதும் இயங்குகின்றன. இணைய வழி வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரி ஞாயிற்றுக்கிழமையும் அனுப்பலாம்.

காசோலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விவசாயியின் பெயருக்கு, கணக்கில் மட்டும் வரவு வைக்கும்படி குறுக்குக் கோடிட்டு வாங்க வேண்டும். காசோலை அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் வரையே செல்லும். பணமில்லாமல் திரும்பினால், வங்கி கொடுக்கும் சீட்டுக் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். இந்த நாள் கணக்கில் பலர் தோற்கிறார்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சிலேயே 30 நாளை ஓட்டிவிடத் தெரிந்த வியாபாரிகள் இருக்கிறார்கள்.

சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை

இந்த நிலையில் கையில் உள்ள சீட்டுகளே துணை. வாயில் சீட்டு, பகுப்பாய்வுச் சீட்டு, எடைச் சீட்டு, விற்பனைச் சீட்டு நான்கும் இருந்தால் கடன் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் புகாரைக் கூடத்தின் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலை விற்பனைக் குழுச் செயலாளருக்கும் மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநருக்கும் அனுப்ப வேண்டும். இ-நாம் தொடர்பான புகாரை 1800 270 0224 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் சொல்லலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுப்பது இன்னும் பலன் தரும். எல்லா அலுவலர்களும் ஒரே அறையில் இருக்கும்போது பதில் சொல்லியாக வேண்டும்.

விற்பனைக் கூடத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தில் மூன்று வேலை நாளுக்குள் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் இருப்பதாகச் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் வந்த வேளாண் சட்டங்களில் ஒன்றில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. அந்தச் சட்டங்கள் 2021-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டன.

உரிமையியல் நீதிமன்றம் செல்வதானால் பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் செல்ல வேண்டும். அதற்குமுன் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்து வியாபாரியை வரவழைக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தொகையைத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டாலும் ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்டு எழுதி வாங்க வேண்டும்.

செல்பேசிக் குழுக்களில் நடக்கும் ஏலம்

ஆடு, மாடு, நாட்டுக்கோழி, மரபு விதை, பலா, மாம்பழக் கூடை என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் நடக்கும் ஏலத்துக்குக் கண்காணிப்பாளரும் இல்லை, உரிமமும் இல்லை. இரவு ஒன்பது மணி வரை விலை ஏறிக்கொண்டே போகும். விடிந்தால் எடுத்தவர் செல்பேசி அணைந்திருக்கும். விளையாட்டுக்கு விலை கேட்கும் இளைஞர்களும் உண்டு.

இங்கே பாதுகாப்பு அச்சாரம்தான். படத்தைப் போடும்போதே நிபந்தனையையும் எழுதிவிட வேண்டும்: ஏலம் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பத்தில் ஒரு பங்கு அச்சாரம், இரண்டு நாளுக்குள் மீதிப் பணம், எடுத்துக்கொள்வது விற்பவர் கொட்டிலில், வராவிட்டால் அச்சாரம் திரும்பாது. முன்னால் சொல்லாமல் பின்னால் அச்சாரத்தைப் பிடித்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். அச்சாரம் வராவிட்டால் அன்று இரவே இரண்டாவதாகக் கேட்டவருக்குச் செய்தி போக வேண்டும். மறுநாள் காலை அவர் வேறு ஆட்டை வாங்கியிருப்பார்.

ஒரே படத்துக்குப் பல குழுக்களில் ஏலம் விடுவது விற்பவர்கள் செய்யும் தவறு. இரண்டு குழுவில் இரண்டு பேர் எடுத்துவிட்டால், பணம் கட்டிய ஒருவரை விவசாயியே ஏமாற்றியதாக முடியும். எடை, வயது, பல், சினை விவரங்களைப் பகலில் எடுத்த படத்தோடு போட்டால், "நேரில் பார்த்தால் வேறாக இருக்கிறது" என்ற பேச்சும் குறையும்.

எடுத்தவர் வரும் வரை ஆட்டுக்குத் தீவனம் போடுவது விற்றவர்தான். கெடு நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் தீவனச் செலவு இவ்வளவு என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். கட்டப் போகிறவர் அந்த வரிக்காகவே சீக்கிரம் வண்டி கொண்டு வருவார். கட்டப் போகாதவர் ஏலம் கேட்கும் முன்பே ஒதுங்கிக்கொள்வார்.